காத்திருப்புக் கூடத்தில் பாதி பன்

இளையோர் உண்ணல் மேம்பாட்டு மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது, 'இங்கு உண்ணுதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது' என்ற பலகை. சாப்பிடப் பயப்படும் பிள்ளைகளுக்காகவே கட்டிய மூன்று மாடிக் கட்டடம் அது. பலகையைப் படித்ததும் பல மாதங்களுக்குப் பிறகு என் தங்கையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"நல்ல இடம்க்கா" என்றாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. போன வருடம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கி மூச்சு முட்டியது. ஓர் ஆசிரியை முதுகில் தட்டி வெளியே எடுத்தார். அதற்குள் கூடமே எழுந்து நின்று பார்த்தது. இருநூறு பேராவது இருப்பார்கள் என்று அவள் பிறகு சொன்னாள். அன்றோடு ஆப்பிள் போயிற்று. அடுத்து தோல் உள்ளதெல்லாம், அதற்கடுத்து நார் உள்ளதெல்லாம், அப்புறம் மொறுமொறுப்பானது, உருண்டையானது என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ரொட்டியின் வெள்ளைப் பகுதி, வாழைப்பழம், பால் என்று வந்து நின்றது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

நாங்கள் இதை உடனே கவனிக்கவில்லை. கவனிக்க யாரும் வீட்டில் இல்லை என்பதே காரணம். அம்மாவுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அம்மா காலையில் கதவைத் திறக்கும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மாலை ஆறு மணிக்கு அலுவலக நடைமுறை வகுப்பு. கடிதம் கோப்பில் சேர்ப்பது, அட்டவணை போடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் கற்றுத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று தட்டுகள் ஒரே நேரத்தில் கழுவ விழுந்து பல வருடம் ஆகிறது.

பதிவு மேசையில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் தந்தார்கள். உண்பது உட்கார்ந்தா, நின்றா, படுத்தா? ஜன்னலைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா? தட்டு வட்டமா, சதுரமா? எல்லாவற்றையும் நிரப்பினேன். யாரோடு சாப்பிடுகிறாள் என்று எங்கேயும் கேட்டிருக்கவில்லை. பக்கம் ஏதும் விட்டுப்போயிற்றோ என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பக்கங்கள் சரியாக இருந்தன. பெரிய இடம், யோசித்துத்தான் அச்சடித்திருப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டேன்.

"நீங்கதான் உணவுத் துணையா?" என்று கேட்டார் பதிவு எழுத்தர்.

"அக்கா."

"அக்காங்கற கட்டம் இல்லம்மா. உணவுத் துணைன்னு போட்டுக்கறேன். அவங்க பயனாளி. நீங்க அவங்க கூட உக்காந்து சாப்பிடக்கூடாது. அது அவங்க முடிவுல செல்வாக்கு செலுத்தற மாதிரி ஆயிடும்."

உணவுத் துணைக்கு ஒரு நோட்டுத் தந்தார்கள். அதில் ஏழு பத்திகள் இருந்தன: நேரம், பொருள், அளவு, நிறம், மென்ற எண்ணிக்கை, முகபாவம், குறிப்பு. வீட்டில் பயனாளி உட்கொள்வதை எல்லாம் அதில் எழுத வேண்டும். கோடுகள் கோணலாக அச்சாகியிருந்ததால் ஸ்கேல் வைத்து மறுபடி போட்டேன். அம்மாவையும் வேலையையும் பற்றி எனக்கு எத்தனையோ சந்தேகங்கள் உண்டு. பத்திகளில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இரண்டாம் வாரம் உணவியலாளர் என் நோட்டை மற்ற குடும்பங்களிடம் தூக்கிக் காட்டினார். "மென்ற எண்ணிக்கைய பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இதான் அக்கறைங்கறது." எனக்குக் காது சூடாகிவிட்டது. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறு வயதிலிருந்தே அவளைப் 'பட்டாணி' என்று கூப்பிடுவேன். ஒரு நாள் வராந்தாவில் அப்படிக் கூப்பிட்டது மனநல ஆலோசகர் காதில் விழுந்துவிட்டது. எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தார்.

"எத்தன வருஷமா நடக்குது இது?"

"அவ பொறந்ததுலேர்ந்து" என்றேன்.

"உணவுப் பேர வச்சு ஒரு குழந்தைய கூப்பிடறது உணவுத் தூண்டல். உங்களுக்குத் தெரியாம பண்ணியிருக்கீங்க. நாங்க யாரையும் குத்தம் சொல்றதில்ல, பதிவு மட்டும்தான் பண்றோம்."

"எனக்குப் பட்டாணின்னா பிடிக்கும்" என்றாள் தங்கை.

ஆலோசகர் உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். "பச்சையா, காஞ்சதா? வேகவச்சதா?"

"அந்தப் பேரு பிடிக்கும்னேன்."

செல்லப்பெயர் மாற்றப் படிவம் ஒன்று தந்தார்கள். புதுப் பெயர் முடிவாகும் வரை மையத்துக்குள் அவளை 'நாற்பத்தேழு' என்று கூப்பிட வேண்டும். நான் ஒரு முறை முயன்று பார்த்தேன். திரும்பிப் பார்த்தவள் வேறொரு பெண். அவளும் நாற்பத்தேழுதான், வேறு மாடி.

புதன்கிழமை நாலு மணிக்கு அவதானிப்பு உணவு. ஒரு நீள அறை. நடுவில் ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. மேசைமேல் வெள்ளைத் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு, ஒரு கரண்டி. சுவரோரமாக ஐந்து பேர் அட்டையில் தாள் செருகி உட்கார்ந்திருந்தார்கள். உணவியலாளர் அளவைக் குறிப்பார், ஆலோசகர் உணர்ச்சியை. நேரக் கணிப்பாளர் கையில் நிறுத்து கடிகாரம். ஒரு பயிற்சி மாணவி எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறாள். ஐந்தாவது ஆள் தர மேற்பார்வையாளர். மற்ற நால்வரும் சரியாகப் பார்க்கிறார்களா என்று அவர் பார்ப்பார். உணவுத் துணை கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

"யாரும் உன்ன பாக்கல, இயல்பா இரு" என்று ஐந்து பேரும் வரிசையாகச் சொன்னார்கள்.

அவள் கரண்டியைத் தூக்கினாள். ஐந்து பேனாக்களும் ஒரே நேரத்தில் தாளில் ஓடும் சத்தம் கதவுக்கு வெளியே வரை கேட்டது. கரண்டி நின்றது. பேனாக்கள் நின்றன. கரண்டி இறங்கியது. மறுபடி பேனாக்கள். நாற்பது நிமிடத்தில் இது பதினோரு முறை நடந்தது. நான் எண்ணினேன். எண்ணியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

அறிக்கையில் எழுதியிருந்தார்கள்: 'பயனாளி இயல்பாக இல்லை. காரணம் புலப்படவில்லை. அடுத்த அமர்வில் கூடுதலாக இரு அவதானிப்பாளர்கள் பரிந்துரைக்கப்படுகிறார்கள்.'

அந்த அறிக்கை கைக்கு வர ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், பலகை, பலகைக்குக் கீழே சீட்டுக்காரர். காத்திருப்புக் கூட மேற்பார்வையாளர் என்பது பதவி. காத்திருக்கும் குடும்பங்கள் வைத்த பெயர் சீட்டுக்காரர். தடையை மீறி யாராவது எதையாவது வாயில் போட்டால் எச்சரிக்கைச் சீட்டு எழுதுவார். மூன்று படி எடுப்பார். கார்பன் தாளை முனை மடங்காமல் நீவி வைக்கும் விதத்தைப் பார்த்து எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்தப் புதன்கிழமை எனக்கு ஒரே பசி. அறிக்கை வாங்கி, அவளைப் பேருந்தில் ஏற்றி, ஆறு மணி வகுப்புக்கு ஓட வேண்டும். இடையில் சாப்பிட நேரமில்லை. பையில் ஒரு பன் இருந்தது. சீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியபோது, மடியில் வகுப்பு நோட்டை விரித்து, படிப்பதுபோல் குனிந்து பிய்த்துத் தின்றேன். கூட்டக் குறிப்பில் வருகை தராதோர் பெயரை எங்கே எழுத வேண்டும் என்ற பாடம். உண்மையிலேயே அதில் மூழ்கிவிட்டேன். அடுத்த துண்டுக்குக் கையை விட்டால் பன்னில் பாதியைக் காணோம்.

பக்கத்தில் தங்கை சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். மேல்தோலோடு.

நோட்டையே பார்த்தேன். ஒரு வரியும் ஏறவில்லை.

"அக்கா, ஒளிஞ்சு சாப்பிடறப்ப நீ எலி மாதிரி இருக்க" என்றாள் வாய் நிறைய.

அதற்குள் முன்னால் ஒரு நிழல் விழுந்தது. சீட்டுக்காரர் எங்களைத் திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். 'நேரம் ஐந்து பதினெட்டு. பொருள்: பன். அளவு: பாதி, மேல்தோல் உட்பட. முறை: நன்கு மென்று விழுங்கப்பட்டது. மிச்சம்: மடியில் மூன்று துகள்.'

"துகளையும் எழுதணுமா சார்?" என்றாள் தங்கை.

"பின்ன? நாளைக்கு நீ சாப்பிடவே இல்லைன்னு சொல்லிட்டா? என் சீட்டுன்னா சீட்டு, இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு தப்புன்னு திரும்பி வந்ததில்ல." ஒரு படியை அவளிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடு. வாயத் தொடச்சுட்டுப் போடு."

அடுத்த புதன் ஏழு பேர் பார்த்தார்கள். கரண்டி ஒன்பது முறை எழுந்து ஒன்பது முறை இறங்கியது. கூடத்தில், ஐந்து இருபதுக்குப் பன், பாதி. மூன்றாவது புதன் ஒன்பது பேர் பார்த்தார்கள். கரண்டி எழவே இல்லை. கூடத்தில் ஐந்து பதினாறுக்குப் பன், பாதி, கூடவே என் வாழைப்பழத்தில் முக்கால். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் பாடத்தைப் படிப்பேன், அவள் என்னைக் கேலி செய்வாள், சீட்டுக்காரர் எழுதுவார். அந்த வாரங்களில் நான் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றால் அந்தப் பத்து நிமிடம்தான்.

மூன்றாவது தோல்விக்கு மறுநாள் கடிதம் வந்தது. அவதானிப்பு உணவில் மூன்று முறை உட்கொள்ளாத பயனாளியைத் தொலைதூர உள்ளகப் பிரிவுக்கு மாற்றலாமா என்று குழு முடிவு செய்யும். தொண்ணூறு நாள் அங்கேயே தங்க வேண்டும். உணவுத் துணைக்கோ குடும்பத்துக்கோ அனுமதி கிடையாது. ஒவ்வொரு பயனாளிக்கும் தனி அறை, தனி மேசை, தனி அவதானிப்புக் கண்ணாடி.

தங்கை கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தாள். விரித்து மறுபடி படித்தாள்.

"தொண்ணூறு நாளும் தனியாவா?"

அம்மா லீவு கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. "நீ நல்லா பேசுவல்ல, நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். எனக்கு நன்றாகப் பேச வராது. நன்றாகக் கோடு போட வரும்.

குழு அறையில் ஏழு பேர். மேசை முழுக்க தேநீர், பிஸ்கட், கேக். "பயனாளி வருகிறார்" என்று ஒரு குரல் கேட்டதும் ஏழு தட்டுகளையும் ஏழு கோப்புகளால் மூடினார்கள். உணவுத் தூண்டல் கூடாது என்பதற்காக. இயக்குநரின் மீசையில் ஒரு துணுக்கு கேக் நின்றுவிட்டது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் விழுங்கி முடித்துப் பேச ஆரம்பித்தார்.

"எங்க மையத்த பத்தி வெளியில ஆயிரம் சொல்லுவாங்க. ஒண்ணு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது. ஒரு குழந்த சாப்பிடலைன்னா நாங்க சும்மா விட்டதா சரித்திரம் கிடையாது. எத்தன மணிக்குச் சாப்பிடல, எவ்வளவு சாப்பிடல, எந்த மூஞ்சியோட சாப்பிடல, எல்லாம் எங்க கிட்ட இருக்கு. ரெண்டாவது மாடி முழுக்க அதுதான். இடம் பத்தாம இந்த வருஷம் சமையலறைய கோப்பறையா மாத்தியிருக்கோம்."

ஆறு பேரும் மேசையைத் தட்டினார்கள்.

எனக்கும் நிகழ்ச்சி நிரல் ஒன்று தந்திருந்தார்கள். வகுப்புப் பழக்கத்தில் வரிவரியாகப் படித்தேன். நான்காவது: பயனாளி நாற்பத்தேழு, தொடர்ந்து உண்ணாமை, உள்ளகப் பிரிவுக்கு மாற்றம். ஐந்தாவது: பயனாளி நாற்பத்தேழு, காத்திருப்புக் கூடத்தில் தொடர்ந்து உண்டமை, ஒழுங்கு நடவடிக்கை.

நான் தவறாகப் படிக்கிறேனோ என்று விரலை வைத்துப் படித்தேன். வேறு மாடி நாற்பத்தேழாக இருக்குமோ என்றும் யோசித்தேன். பிறகு எழுந்து நின்றேன். முழங்கால் மேசையில் இடித்தது.

"சார், நாலாவதும் அஞ்சாவதும் ஒரே ஆளுதான்."

"ஆமா" என்றார் இயக்குநர்.

"ஒண்ணுல சாப்பிடல. ஒண்ணுல சாப்பிட்டிருக்கா."

"அதனாலதான் தனித்தனியா வச்சிருக்கோம்" என்றார் தர மேற்பார்வையாளர். "ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கக்கூடாது."

"தேதி ஒண்ணா இருக்கு சார். சாப்பிடாம நாப்பது நிமிஷம், அதுக்கப்புறம் முப்பத்தெட்டு நிமிஷத்துல பன்."

உணவியலாளர் என்னைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "கூடத்துல சாப்பிட்டது உட்கொள்ளல் இல்லம்மா. அவதானிக்கப்படாதது எதுவும் உட்கொள்ளல் ஆகாது. அது வெறும் சாப்பாடு."

"அப்ப அஞ்சாவத எடுத்துடலாமா சார்?"

"அதெப்படி? விதிய மீறி சாப்பிட்டிருக்காங்களே."

இரண்டையும் வெவ்வேறு துணைக்குழுக்களுக்கு அனுப்பலாமா என்று பேச்சுப் போயிற்று. மாற்றத்தை முதலில் நிறைவேற்றிவிட்டு ஒழுங்கு நடவடிக்கையைத் தொண்ணூறு நாள் கழித்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தங்கையின் கை என் சட்டை முனையைப் பிடித்திருந்தது. ஐந்தாவது பொருளுக்குச் சாட்சி சொல்ல வந்து பின்வரிசையில் சீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அவரைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"உங்க சீட்ட வாபஸ் வாங்கிக்கோங்க. அந்தப் பொண்ணு சாப்பிடலைன்னு முடிச்சுடலாம். கோப்பு நேரா இருக்கும்."

சீட்டுக்காரர் எழுந்தார். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"நான் பொய்யா எழுதினேன்னு சொல்றீங்களா?"

"யாரும் அப்படிச் சொல்லல."

"மூணு சீட்டு. பன், பாதி. பன், பாதி. பன், பாதி, வாழப்பழம் முக்கால். துகள் வரைக்கும் எழுதியிருக்கேன். அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டிருக்கு. வாபஸ்னா ரிஜிஸ்தர்ல மூணு நம்பர் குதிக்கும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நம்பர் குதிச்சதில்ல. அவ சாப்பிட்டா சார். மேல்தோலோட சாப்பிட்டா."

பதிவேட்டில் எண் குதிப்பது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்த ஒரே துயரம். கோப்புகளுக்கு அடியில் பிஸ்கட் நமுத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. உள்ளகப் பிரிவு மாற்றம் ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்படும். கூடத்தில் பயனாளி உண்பது தெரிய வந்திருப்பதால் அதைக் குழு பாராட்டுகிறது. அங்கே அதை முறைப்படுத்தும். ஒரு மாதம் கழித்து மறு ஆய்வு.

வெளியே வந்ததும் தங்கை என் தோளில் குத்தினாள். "எலி பேசிடுச்சே" என்றாள்.

அடுத்த புதன் கூடத்துக்குள் நுழைந்தோம். பழைய பலகையைக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் 'இயல்பாக உண்ணும் பகுதி' என்று புதுப் பலகை. முப்பது நாற்காலிகளையும் ஓரம் தள்ளி, நடுவில் இரண்டை மட்டும் போட்டு, சுற்றி மஞ்சள் கோடு வரைந்திருந்தார்கள். ஒன்றின்மேல் 'பயனாளி', மற்றதன்மேல் 'உணவுத் துணை (படிப்பது போல்)' என்று எழுதி ஒட்டியிருந்தது. கோட்டுக்கு வெளியே ஒன்பது பேர் அட்டையோடு நின்றார்கள். ஒரு தட்டில் பன், சரியாகப் பாதி, கத்தியால் வெட்டியது.

"போன தடவ மாதிரியே பண்ணு. எலின்னு சொல்லணும்னாலும் சொல்லிக்கோ, அனுமதி வாங்கியிருக்கோம்" என்றார் ஆலோசகர்.

தங்கை வெட்டிய பன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மடியில் ஏழு பத்தி நோட்டு விரிந்திருந்தது. வகுப்பு நோட்டு என்று நினைத்துத்தான் எடுத்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். பேனா மூடி திறந்திருந்தது.

"நீயும்தானே எழுதற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் அவள் ஏன் இன்னும் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றும், சாத்திய கதவுக்கு வெளியே நின்று மெல்லும் சத்தத்தை எண்ணியது யார் என்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் அடித்தல் இல்லை.

நான் எழுந்து பையை எடுத்தேன். அவளும் எழுந்தாள். பேனாக்கள் ஓடத் தொடங்கின. "உணவுத் துணை வெளியேறுகிறார், நேரம் நாலு இருபத்தொண்ணு" என்றது ஒரு குரல்.

வாசலில் ஆறு படிகள். மூன்றாவது படியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்தோம். பசித்தது. பையிலிருந்து பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தேன், கோணலாக வந்தது. பெரிய துண்டைக் காகிதத்தோடு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, என் துண்டைத் தின்றுகொண்டு எதிர்க் கடையில் ஷட்டர் தூக்குகிறவரைப் பார்த்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் அதைத் திட்டினார்.

பின்னால் செருப்புச் சத்தம். சீட்டுக்காரர் படி இறங்கி வந்தார். தடையை எடுத்துவிட்டதால் அவருக்குக் கூடத்தில் வேலையில்லை. கையில் சீட்டுப் புத்தகமும் ஒரு சாப்பாட்டு டப்பாவும். எங்களுக்கு இரண்டு படி கீழே, முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாக அவரும் அந்தக் கூடத்தில் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"சார், சீட்டு எழுதலையா?" என்றாள் தங்கை. குரல் தெளிவாக இல்லை. வாயில் ஏதோ இருப்பதுபோல் இருந்தது.

"எழுதணும்னா பாக்கணும்" என்றார் அவர், திரும்பாமல். "நான் ரோட்டப் பாத்துட்டிருக்கேன்."

படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்று வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். வருகைப் பதிவில் என் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு. அடுத்த மாதம் குழு கூடும். நோட்டைக் கேட்பார்கள். அப்போது என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நோட்டில் எந்த நாளையும் வெறுமையாக விடக் கூடாது என்பது விதி. அதனால் புதன்கிழமைக்கு ஒரு வரி எழுதினேன்.

நேரம்: நாலரை. பொருள்: பன். அளவு: பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பிட்டது: நான்.